எமகண்டத்தில் ஏறிய தண்ணீர்

அன்றைக்குப் படகுப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், என்னோடு வேலை பார்க்கும் கோயமுத்தூர் அண்ணன், அவர் மனைவி, என் அம்மா, டிராக்டர் ஓட்டும் மராட்டிக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. மாடுகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று ஊரிலேயே இருந்துவிட்டார். இன்னொருவர் தேஹு ரோடு அங்கிள். படகைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மகளுக்குப் பிரசவம் என்று சென்னைக்குப் போயிருந்தார். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அன்று நடந்ததற்கு யார் காரணம் என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஓர் ஆளிடம் போய் நிற்கிறது.

நான் படகு என்று சொல்வதை ஊரில் அம்மா கப்பல் என்று சொல்லி வைத்திருந்தாள். இருபத்திரண்டு அடி நீளம். உள்ளே இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம், நாலு பேர் மடங்கிப் படுக்கலாம். ஒரு பாய்மரம், இரண்டு பாய், பின்னால் தொங்கும் சின்ன இன்ஜின். யாரோ வாங்கி, அலுத்துப்போய் விற்றதை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். நான், அண்ணன், அவர் மனைவி, அங்கிள். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பங்கு. "சண்டை வந்தா ஆளுக்குப் பாதி அறுத்து எடுத்துக்கலாமுங்க" என்பார் அண்ணன்.

அக்டோபரிலிருந்து மே வரை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பூனாவில் நாங்கள் இருக்கும் வாகட்டிலிருந்து காரில் கிளம்பி, காட் மலைப்பாதையில் இறங்கி, அலிபாகுக்குத் தெற்கே ஒரு கழிமுகத்துக்குப் போவோம். அங்கிருந்து கரையை ஒட்டியே பாய் விரித்து அடுத்த கழிமுகம் வரை. சாயங்காலம் நங்கூரம் போட்டு, ரவை கிண்டிச் சாப்பிட்டு, படகிலேயே தூங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம். அவ்வளவுதான் எங்கள் கடல். மழைக்காலம் முழுக்கப் படகு கழியோரப் பட்டறையில் டிரெய்லர் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மழை விட்டதும் கழுவி, அடியில் பெயின்ட் அடித்து, பாய்மரத்தை நிறுத்தி, மறுபடி தண்ணீரில் இறக்க வேண்டும்.

இறக்குவதில்தான் சிக்கல். அந்தப் பட்டறையில் தண்ணீருக்குள் இறங்கும் சிமென்ட் சரிவு குட்டையானது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில்தான் கடல் அதன் மேல் படகு மிதக்கிற ஆழத்துக்கு ஏறும். ஏறினாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பிறகு வடிந்துவிடும். வடிந்தால் சரிவின் முனைக்கு அப்பால் வெறும் சேறு.

போன வருடங்களில் நாள் குறிப்பது, நேரம் குறிப்பது எல்லாம் அங்கிள்தான். தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. டிரெய்லர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், படகின் மூக்கில் சந்தனம், குங்குமம், ஒரு தேங்காய். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுங்கப்பா" என்று சொல்வார். வருவோம், இறக்குவோம். ஏன் அந்த நேரம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் சென்னையிலிருந்து போன் செய்தார். "நீ பாத்துக்க தம்பி. ஏற்ற இறக்க டேபிள் படிக்கத் தெரியும்ல?"

தெரியும். படிப்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வேலை.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலேயே முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். நகைக்கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டர் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும். படிக்க ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பில் நான் படிக்க ஆரம்பித்ததும், வெளியே கிளம்புகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று "இன்னைக்கு எப்பறா நல்ல நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ராகு காலமும் எமகண்டமும் ஏழு நாளுக்கும் எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே மனப்பாடம். நான் சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள். நீ நம்புகிறாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. படி என்றார்கள், படித்தேன். இன்று நம்புகிறேனா என்று என்னை நானே கேட்டாலும் சரியாகப் பதில் வருவதில்லை.

அம்மா பூனாவுக்கு வந்தது படகுக்காகத்தான். ஒரு கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் என் அத்தை கேட்டுவிட்டாளாம்: "உம் மவன் கப்பல் வாங்கியிருக்கானாமே, நீ ஏறிப் பாத்தியா? இல்ல, வாங்கினதோட சரியா?" அதற்குப் பதில் சொல்லத்தான் அம்மா அவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருந்தாள்.

"எனக்கு ஊர் சுத்தலாம் வாணாம்" என்று வந்த அன்றே சொன்னாள். "தண்ணியில நிக்கும்போது ஒரு வாட்டி ஏறி உக்காந்துடறன். நீ ஒரு போட்டோ எடு. அவளுக்கு அனுப்பு. முடிஞ்சிச்சி."

அவள் திரும்பும் ரயில் திங்கட்கிழமை சாயங்காலம். படகை இறக்குவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நடுவில் வேறு நாள் இல்லை.

அதற்கு முந்தின வாரம் முழுக்க எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரே குழப்பம். மழைக்காலத்தில் பாயெல்லாம் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். ஈரம் பட்டுக் கரும்புள்ளி விழுந்திருந்தது. மொட்டை மாடியில் விரித்துக் கழுவினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாயின் ஒரு முனையைச் சுருட்டித் தரையில் அடித்துத் துவைக்கக் கையை ஓங்கினாள்.

"ஆன்ட்டி, ருக்கோ ருக்கோ, நில்லுங்க!" என்று அக்கா ஓடி வந்தார். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பூனாவிலேயே கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே என்.சி.சி.யில் பாய்ப்படகு ஓட்டக் கற்றவர். எங்கள் நாலு பேரில் காற்று அவர் பேச்சைத்தான் கேட்கும். "அடிச்சா அதோட ஷேப் போயிடும் ஆன்ட்டி. சும்மா தடவுங்க. குழந்தைக்குச் சோப்புப் போடற மாதிரி."

"இதையா?" அம்மா பாயின் நீளத்தைப் பார்த்தாள். "இது போர்வ தான? போர்வயப் போய் எவ தடவுவா?"

அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடிக்கு வந்துவிட்டார். கணபதி கரைத்து இத்தனை நாளாகிறது, இப்போது யாருக்குப் பந்தல் போடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். படகுப் பாய் என்றோம். பூனாவில் எங்கே படகு என்றார். அலிபாக் பக்கம் என்றோம். அப்படியானால் அலிபாகில் போய்த் துவைக்க வேண்டியதுதானே என்றார். 

அடுத்தது கம்பிகள். பாய்மரத்தை நாலாப் பக்கமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளை மே மாதம் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தோம். எது எந்தப் பக்கம் என்று தெரிய அக்கா கலர் டேப் ஒட்டியிருந்தார். அண்ணன் போனில் படம் எடுத்திருந்தார். கார் நிறுத்தும் இடத்தில் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தால், படத்தில் சிவப்பு வலது பக்கம், அக்கா கணக்கில் சிவப்பு இடது.

"நீ முன்னாலே நின்னு போட்டோ எடுத்திருக்கே. படகைப் பார்த்து நின்னா எல்லாம் உல்ட்டா தானே?"

"பின்னாலிருந்து எடுத்ததுங்க அது."

"பின்னாலிருந்து எடுத்தா சுக்கான் தெரியணும். எங்கே சுக்கான்?"

"அதைக் கழட்டின பிற்பாடு எடுத்தனோ என்னமோ."

முழு சாயங்காலமும் அப்படிப் போனது. கடைசியில் இரண்டும் ஒரே நீளம், எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான். விஷயத்தை விட்டுவிட்டு, அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருப்போம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். காட் மலைப்பாதையில் பனி. அம்மா வழியெல்லாம் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கடலு வந்திச்சா, கடலு வந்திச்சா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முந்தின இரண்டு வாரமும் போய் பெயின்ட் வேலையை முடித்திருந்ததால் பாய்மரத்தை நிறுத்துவது மட்டும்தான் பாக்கி. அதை முடித்தோம். பதினோரு மணிக்கு வர வேண்டிய டிராக்டர் பன்னிரண்டுக்குத்தான் வந்தது. டிரெய்லரை மாட்டிச் சரிவின் தலைப்பில் நிறுத்தியபோது தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. அவ்வளவு அழுக்கான கழி, அப்போது மட்டும் கண்ணாடி மாதிரி நின்றது. ஏற்றத்தின் உச்சிக்கு இன்னும் இருபது நிமிடம்.

டிராக்டர்காரர் தண்ணீரைக் காட்டி, "பர்தி ஆ கயி சாப். சலேங்?" என்றார். பர்தி என்றால் மராட்டியில் ஏற்றம். இறக்கலாமா என்று கேட்டார்.

அக்கா படகுக்குள் ஏறியிருந்தார். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். அண்ணன் கையில் இரண்டு எலுமிச்சம்பழம். அம்மா பாதாம் மரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணி மேல் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். அண்ணன் அதைப் பார்த்தார். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க தம்பி, எமகண்டம் ஏதாச்சும் ஓடுதுங்களா இப்ப?"

என் வாய் தானாகச் சொன்னது. "ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை."

"அட. அப்ப இப்பத்தான் பொறந்திருக்குது."

"ஆமாண்ணா."

இரண்டு பேரும் நின்றோம். நான் அவரைப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தோடு நிற்கிற மனுஷன், மனதில் உறுத்தாமலா கேட்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் என் அம்மாவைப் பார்த்தார். படகிலிருந்து அக்கா, "க்யா ஹுவா?" என்று கத்தினார்.

"எமகண்டம்" என்றார் அண்ணன்.

"அது யாரு?"

"ஆளில்ல. நேரம். நல்ல நேரம் இல்லை."

"ஓ, முஹூர்த்?" அக்கா மரத்தடியைப் பார்த்தார். "ஆன்ட்டிக்கா? அரே, அப்போ வெயிட் பண்ணலாம். எனக்கு ஒண்ணும் இல்லை." ஏணி வழியாக இறங்கியே வந்துவிட்டார். அம்மாவிடம் போய், "ஆன்ட்டி, ஆராமா உக்காருங்க. ஒன்றரைக்கு மேலேதான் இறக்கறோம்" என்றார்.

"சரிம்மா. நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடி" என்றாள் அம்மா.

டிராக்டர்காரரிடம் முஹூர்த்தம் என்றதும் அவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். முஹூர்த்தம் என்றால் பார்க்கத்தானே வேண்டும், நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இந்தியில் சொல்லி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார். மீன் வாசனை வந்த திசைக்கு வெகு வேகமாகத்தான் போனார்.

"ஒன்றரைக்குத் தண்ணி இருக்கும்ல?" என்று அக்கா கேட்டார்.

"இருக்கும்னு நினைக்கிறேன்க்கா."

"நினைக்கிறியா, தெரியுமா?"

டேபிள் என் போனில் இருந்தது. உச்சி எப்போது என்று அதில் இருந்தது. வடிய ஆரம்பித்த பிறகு இந்தச் சரிவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதில் இல்லை. அது அங்கிள் தலையில் இருந்தது. அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அங்கிள் பூஜை புனஸ்காரம் பார்க்கிறவர். எமகண்டத்தில் இறக்கலாமா என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தோம். ஆகவே கேட்கவில்லை.

எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். அண்ணன் ஏதோ ஆபீஸ் கதை சொன்னார். தண்ணீர் அசையாமல் நின்றது. ரொம்ப நேரம் நின்ற மாதிரிதான் இருந்தது. பிறகு நான் சரிவைப் பார்த்தபோது சிமென்ட்டில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அண்ணனும் அதைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மெதுவாக, "தண்ணி போகுதே" என்றார்.

"போனாப் போகட்டும். அவங்க மனசு சங்கடப்படக் கூடாது" என்று அண்ணன் காதோடு காதாகச் சொன்னார்.

அம்மா எங்களைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி எங்களைப் பார்த்தாள்.  நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை தாண்டியதும் ஓடினோம். டிராக்டர்காரர் ஏப்பம் விட்டபடி ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. டிரெய்லர் பின்பக்கமாகச் சரிவில் இறங்கியது. சிமென்ட் முடியும் இடம் வந்துவிட்டது. தண்ணீர் சக்கரத்தின் பாதிகூட இல்லை.

"தோடா அவ்ர்!" என்றார் அக்கா.

"ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்றார் டிராக்டர்காரர், ஆகிவிடுமாம்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார். வலது சக்கரம் சிமென்ட்டை விட்டு இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. படகு மட்டும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பஸ்ஸில் தூங்குகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்கிற மாதிரி. பாய்மரம் வானத்தில் ஒரு கோடு கிழித்தது. முன்னால் இழுக்கச் சொன்னோம். டிராக்டரின் பின்சக்கரம் பாசியில் வழுக்கிச் சுற்றியது. டிரெய்லரின் அச்சு முறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. அதோடு அவர் கொக்கியைக் கழற்றி, தன் டிராக்டரைக் காப்பாற்றிக்கொண்டு மேலே போய்விட்டார்.

மூன்று மணிக்கெல்லாம் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. எங்கள் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. புதுசாக அடித்த சிவப்பு பெயின்ட் மேல் நண்டுகள் ஏறின.

அங்கிளைக் கூப்பிட்டோம். எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, எறக்கியாச்சா?"

"இல்ல அங்கிள். ஏற்றம் எமகண்டத்துல வந்துச்சு. அதனால ஒன்றரை வரைக்கும்..."

"எமகண்டமா? அதை எதுக்குடா பாத்தீங்க?"

"நீங்க எப்பவும் நேரம் பாப்பீங்களே அங்கிள்."

"யாரு, நானா? நான் பாக்கறது ஏற்றம் ஒண்ணுதான். நம்ம கரையில பெரிய ஏற்றம் எப்பவும் மத்தியானத்தை ஒட்டித்தான் வரும். அப்புறம் நடு ராத்திரி. உங்களுக்கு லீவு ஞாயித்துக்கிழமை. இத்தன வருஷமா ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்குத்தானே எறக்கறோம்? நீயே சொல்லு, அது என்ன காலம்?"

நான் கணக்குப் போட்டேன். கணக்கே தேவையில்லை. இதுவரை படகைத் தண்ணீரில் இறக்கியதெல்லாம் எமகண்டத்தில்தான். ஒவ்வொரு தடவையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றிருக்கிறேன். ஏழு நாளும் மனப்பாடமாகத் தெரிந்தவன்.

"அப்போ தேங்காய்?" என்று அக்கா கேட்டார்.

"அது நீங்கள்லாம் எதிர்பாப்பீங்களேன்னு உடைச்சேம்மா. எனக்கென்ன, சட்னிக்கு ஆகும்."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து அண்ணன் பக்கம் திரும்பினார். "நீதானே கேட்டே எமகண்டம்னு?"

"நான் அம்மாவுக்காகக் கேட்டனுங்க. அவங்க வானத்தைப் பாத்தாங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"நானா?" என்றாள் அம்மா. "நான் எங்கப்பா சொன்னன்? வெயிலு மூஞ்சியில அடிச்சிச்சி, பாத்தன். தண்ணி தளும்ப நிக்குது, இவங்க ஏன் எறக்காம சோறு துன்னுகினு உக்காந்திருக்காங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. சரி, எம் மவன் சொல்லிட்டான், படிச்சவன், கரெக்ட்டாத்தான் இருக்கும்னு சும்மா இருந்தன்."

"ஊர்ல நீ எமகண்டம் பாக்காம வெளிய போவ மாட்டியேம்மா."

"அது நீ படிக்கறதால." அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ பள்ளிக்கூடம் போன பின்னாலதான் நம்ம தெருவுக்கு எமகண்டமே வந்திச்சி. அதுக்கு முந்தி யாருக்குத் தெரியும்? பஸ்ஸு வந்தா ஏறுவோம்."

அண்ணனும் அக்காவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது. அந்தத் தெருவுக்கு நான் ஏதோ நல்லது செய்துகொண்டிருந்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என்னால் எத்தனை பேர் எத்தனை பஸ்ஸை விட்டார்களோ. சேற்றில் கிடந்த படகைப் பார்த்தேன். இதுவும் அந்தக் கணக்கில் ஒன்றா?

அம்மாவின் ரயிலை அப்புறம்தான் நினைத்தோம். நடு ராத்திரி ஏற்றத்தில், இருட்டில், அச்சு முறுக்கிய டிரெய்லரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த நாளும் ஏற்றம் போதுமான அளவுக்கு வரும், மத்தியானம் ஒரு மணி வாக்கில். அதன் பிறகு பூனா திரும்பி ரயிலைப் பிடிக்க வழியே இல்லை. இரண்டில் ஒன்றுதான். அம்மா போனை வாங்கி அப்பாவிடம் பேசினாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். எமகண்டத்தை மட்டும் விட்டுவிட்டாள். தண்ணீர் பத்தவில்லை என்றாள்.

அப்பாவின் குரல் எங்களுக்கே கேட்டது. "ஏறாம வந்தீன்னா எங்கக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும், நான் சொல்ல மாட்டன். இருந்து ஏறிட்டே வா. மாட்ட நான் பாத்துக்கறன்."

பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில் ஒரு ஜேசிபி வந்து டிரெய்லரோடு படகைச் சரிவுக்கு மேலே இழுத்துப் போட்டது. வெல்டிங்காரர் வந்து அச்சை நிமிர்த்திப் பற்றவைத்தார். நாங்கள் நண்டுகளை எடுத்துவிட்டு, உரிந்த இடத்தில் மறுபடி பெயின்ட் அடித்தோம். டிராக்டர் இந்தத் தடவை முன்னாடியே வந்து நின்றது.

தண்ணீர் ஏறியது. நேற்று மாதிரியே கண்ணாடியாக நின்றது.

"தம்பி, இன்னைக்கு நான் எதுவும் கேக்கலீங்க" என்றார் அண்ணன்.

"நானும் சொல்லல" என்றேன்.

ஆனால் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை எமகண்டம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. முடிந்துவிட்டிருந்தது. காலையில் லாட்ஜில் பல் தேய்க்கும்போதே கணக்குப் போட்டு வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லாமல். எமகண்டம் முடியாமல் இருந்திருந்தால் படகை இறக்க விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தெரியவில்லை.

டிரெய்லர் இறங்கியது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படகு தன்னால் எழுந்தது. கயிறு என் கையில் உயிர் வந்த மாதிரி இழுத்தது. அக்கா இன்ஜினைப் போட்டு, சிமென்ட் படித்துறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றப் போனேன். ஒரு காலைப் படகில் வைத்தவள் நின்றாள். அண்ணனுக்குக் கேட்காதபடி என்னிடம் குனிந்தாள்.

"இப்ப என்னா நேரம்?"

"ஒண்ணாவப் போவுதும்மா."

"அதக் கேக்கல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"நல்ல நேரந்தாம்மா."

"ம். சும்மா கேட்டு வெச்சன்." ஏறி உட்கார்ந்தாள்.

நேற்று அவள் சொன்னதில் எது நிஜம் என்று அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. தன் மேல் பழி வராமல் இருக்க அப்படிச் சொன்னாளா? இல்லை, நேற்று அத்தனை நேரம் நாங்கள் காத்திருந்ததைப் பார்த்து இன்றைக்கு அவளுக்குப் பயம் வந்துவிட்டதா? கேட்கலாம். கேட்டால் அவள் என்னைப் பார்த்து, எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்து, அதைச் சொல்வாள்.

அக்கா முன்பாயை மட்டும் விரித்தார். காற்று பிடித்ததும் இன்ஜினை அணைத்தார். கழிக்குள்ளேயே ஒரு சுற்று. அம்மா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா இது, சத்தமே இல்லாம போவுது" என்றாள். பாய் பக்கம் மாறியபோது, "யாராச்சும் புடிங்கடா, என்னை இல்ல, இத!" என்று கத்தினாள். தான் துவைத்த இடத்தைப் பாயில் தேடிக் கண்டுபிடித்து, அங்கே இன்னும் ஒரு புள்ளி இருக்கிறது, அடித்திருந்தால் போயிருக்கும் என்றாள். போட்டோ எடுத்தேன். அத்தைக்கு அனுப்பினேன். நாங்கள் கரைக்கு வருவதற்குள் பதில் குரல்பதிவாக வந்துவிட்டது: "இது தோணி மாதிரி கீது. கப்பலு பின்னால வருதா?"

அம்மா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். "பொறாம" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை தட்கலில் வேறு டிக்கெட் எடுத்து அவளை ரயிலேற்றிவிட்டு, நாலு பேரும் போனில் கணக்குப் பார்த்தோம். ஜேசிபி, வெல்டிங், டிராக்டருக்கு இரண்டாவது நாள், லாட்ஜ் இரண்டு அறை. அம்மாவின் டிக்கெட் என் சொந்தச் செலவு என்றேன். அங்கிள் விடவில்லை. பேத்தி பிறந்திருந்தாள், நல்ல மனநிலையில் இருந்தார்.

"அதையும் சேத்துக்கடா. நாலு பேரும் சேந்துதானே உக்காந்திருந்தோம்."

"நீங்க அங்க இல்லியே அங்கிள்."

"எனக்காகத்தானேடா பாதி நேரம் உக்காந்திருந்தீங்க?"

சேர்த்தேன். பதினேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய் ஆயிற்று.